சொன்ன பேச்சு கேட்காத வலது கால்

போன வாரம் நாம் பிரியும்போது, எதிர்வீட்டு டார்ச் அக்கா குழாயடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தன் பழைய கான்வாஸ் ஷூவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கூடத்தில் அவர் வீட்டுக்காரர், "இந்த வயசுல கட்டிப்பிடிச்சு ஆடச் சொல்றியா?" என்று மகளிடம் கத்திக்கொண்டிருந்தார். இத்தனை சத்தத்துக்கும் ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் ஒரு பெண் எழுந்துபோய் ஷூ கழுவினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியவில்லை.

நடுவில் ஏறிக்கொண்டவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன்.

வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தெருவில் 'பிரேக் மாஸ்டர்' என்றால்தான் ஆள் தெரியும். பயிற்சிக் காரில் கற்றுக்கொள்கிறவர் காலடியில் ஒரு பிரேக்கும், பக்கத்தில் உட்காரும் மாஸ்டர் காலடியில் இன்னொரு பிரேக்கும் இருக்குமே, அந்த இரண்டாவது பிரேக்கில் வலது காலை வைத்தபடியே தலை நரைத்தவர். தான் வண்டி ஓட்டியதைவிட அடுத்தவர் ஓட்டியதை நிறுத்தியதுதான் அதிகம். எங்கள் பகுதியில் குறுக்கே ஓடும் பூனைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்றால் அது அவர் புண்ணியம்.

அக்கா, சினிமா தியேட்டரில் டார்ச் அடித்து சீட்டு காட்டும் வேலையில் இருந்தவர். படம் தொடங்கியபிறகு தட்டுத்தடுமாறி வருகிறவர்களின் காலடியில் வெளிச்சத்தை விட்டு, அவர்கள் முகத்தைப் பார்த்தபடியே தான் பின்பக்கமாக நடந்து, சரிவில் இறக்கிக் கொண்டுபோய் உட்காரவைப்பார். திரும்பிப் பார்க்கவே மாட்டார். முதுகில் கண் இருக்கிறதா என்று நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

அப்படி நடந்தவருக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்தது. ஒரு காலைநேரம், சமையலறையில், அடுப்புக்கு முன்னால். இடது பக்கம் அப்படியே தொய்ந்து சரிந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த மாஸ்டர் தாவிப் பிடித்துவிட்டார். தலை மேடை விளிம்பில் மோதியிருந்தால் விஷயம் வேறு மாதிரி முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

அன்று பிடித்த பிடியை மாஸ்டர் இன்னும் விடவில்லை. அங்கேதான் வம்பு.

அக்கா எழுந்தால் எழுகிறார். நின்றால் நிற்கிறார். வீடு முழுக்க ரப்பர் விரிப்பு. சுவர் நீளத்துக்கும் கைப்பிடிக் கம்பி. பார்த்தால் வீடு மாதிரி இல்லை, பேருந்து மாதிரி இருக்கிறது. அக்கா தேறிவிட்டார், ஊன்றுகோலையும் தூக்கிப் போட்டாயிற்று. இடது கால்விரல்களில் மட்டும் கொஞ்சம் மரமரப்பு, கொஞ்சம் தள்ளாட்டம். ஆனால் வாசல்படியைத் தனியாகத் தாண்டி ஒரு வருஷம் ஆகப்போகிறது.

இப்போது ரகசியத்துக்கு வருகிறேன். தியேட்டர் மேனேஜர் அக்காவுக்கு போன் செய்திருந்தார். புதுசா வந்த பிள்ளைங்க போன் வெளிச்சத்துல ஜனங்க கண்ணைக் கூச வைக்கிறாங்க, நீங்க திரும்ப வர்றீங்களா என்று கேட்டிருக்கிறார். "இருட்டுல நேரா நடக்க முடிஞ்சா வர்றேன்" என்று அக்கா சொல்லியிருக்கிறார். மாஸ்டருக்கு இது தெரியாது. யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று அக்கா என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். நானும் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

மகள் பல் டாக்டர். அவளுக்கும் இது தெரியாது. கால் பழகட்டும், பேலன்ஸ் வரட்டும் என்று நினைத்துத்தான் அப்பா அம்மா இருவரையும் ஜோடி நடன வகுப்பில் சேர்த்துவிட்டாள். அவள் உடற்பயிற்சி என்று நினைத்தாள், அவள் அப்பா அவமானம் என்று நினைத்தார். அக்காவோ, இருட்டில் நடப்பதற்கு முன்னால் வெளிச்சத்தில் ஒரு ஒத்திகை என்று நினைத்தார்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை.

மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு மகள் காரில் வந்து இறங்கினாள். இறங்கிய காலோடு அவள் போனும் அடித்தது. யாரோ ஒருவர் எதையோ கடித்து முன்பல்லை உடைத்துக்கொண்டாராம்.

"அப்பா, நான் கிளினிக் போயே ஆகணும். நீங்க நடந்து போயிடுவீங்கல்ல?"

"நல்லதாப் போச்சு. அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார் மாஸ்டர், முகமெல்லாம் மலர்ந்து. யாரோ ஒருவரின் முன்பல்லுக்கு அவ்வளவு மகிழ்ச்சி அடைந்த மனிதரை நான் பார்த்ததில்லை.

அக்கா உள்ளே இருந்து வந்தார். ஷூ காலில் ஏறியிருந்தது. கயிறும் கட்டியாயிற்று.

"போலாமா?" என்றார்.

மகள் என் பக்கம் திரும்பினாள். நான் தற்செயலாக வாசலில் நின்றிருந்தேன். மதியத்திலிருந்து தற்செயலாகத்தான் நின்றிருந்தேன்.

"சித்தி, நீங்க கொஞ்சம் கூடப் போறீங்களா? அப்பா பாதி வழியில திரும்பிடுவார்."

"எனக்கு எவ்வளவு வேலை கிடக்கு தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினேன்.

"ரேடியோவையும் சேத்துக் கூட்டிட்டுப் போகணுமா?" என்று மாஸ்டர் முணுமுணுத்தார். ரேடியோ என்பது நான். அந்தப் பெயரை வைத்தவர் அவர். பெயர் வைத்தாரே ஒழிய, ஒருநாளும் கேட்காமல் இருந்ததில்லை.

வழி நெடுக அவர் அறிவிப்புதான். "பள்ளம். கல்லு. இரு, சைக்கிள் வருது. அது போகட்டும். மெதுவா. படி." அக்காவின் முழங்கை அவர் கைக்குள் இருந்தது. சாலை முனையில் நின்றபோது அவர் வலது காலைப் பார்த்தேன். சும்மா நிற்கும்போதே தரையை அழுத்திக்கொண்டிருந்தது. வண்டிகள் எல்லாம் அந்தக் காலுக்குப் பயந்துதான் நிற்கின்றன என்று அவருக்கு நினைப்பு.

வகுப்பு நடக்கும் இடம் முன்னாளில் பர்னிச்சர் கடை. கட்டிலும் அலமாரியும் நின்ற இடமெல்லாம் தரையில் வெளுப்பாகக் கட்டம் கட்டமாக இருந்தது. ஏழெட்டு ஜோடிகள் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரோரம் நின்றிருந்தார்கள். ஒரு ரொட்டிக்கடைக்காரரும் அவர் மனைவியும் மட்டும் பயமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் போல.

"வாங்க, வாங்க" என்று சொல்லிக்கொண்டே நடன டீச்சர் வந்தார். நாற்பதைத் தொட்ட வயசு, முதுகு கம்பி மாதிரி நிமிர்ந்திருந்தது. மாஸ்டரைப் பார்த்ததும் அந்த நிமிர்ந்த முதுகு சட்டென்று கூனியது.

"மாஸ்டர்!"

மாஸ்டர் கண்ணைச் சுருக்கினார். "கிளட்ச்?"

தெருவில் எங்களுக்கு மட்டும்தான் அவர் பெயர் வைக்கிறார் என்று நினைத்திருந்தேன். கார் கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கும் வைத்திருக்கிறார்! இந்த டீச்சர் இளவயதில் அவரிடம் வண்டி கற்றுக்கொண்டவர். கிளட்ச்சை ஒருநாளும் ஒழுங்காக விட்டதில்லையாம். வண்டி தவளை மாதிரி குதித்துக் குதித்துத்தான் போகுமாம்.

"எத்தனை தடவ டெஸ்ட்ல ஃபெயிலானேன், ஞாபகம் இருக்கா மாஸ்டர்?"

"அதெல்லாம் எதுக்கும்மா இப்ப?"

"வீட்ல எல்லாரும் உனக்கு இது வராது, விட்டுடுன்னாங்க. நீங்க மட்டும்தான், 'காலுக்குப் பழகினா கைக்குத் தானா வரும், நாளைக்கு வா'ன்னு சொன்னீங்க. இன்னிக்கு நானே ஊரெல்லாம் வண்டி ஓட்டிட்டுப் போய் கிளாஸ் எடுக்கறேன். அன்னிக்கு நீங்க பிரேக் போடலைன்னா பால் வண்டிக்குள்ள போயிருப்பேன்." டீச்சர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் தெய்வம்."

"வீட்ல வந்து ஒருநாள் இருந்து பாரு" என்றார் அக்கா.

முதல் பாடம் வால்ட்ஸ் என்கிற மேல்நாட்டு ஜோடி ஆட்டம். ரொம்பச் சுலபம் என்றார் டீச்சர். தரையில் வெளுத்த கட்டம் இருக்கிறதா? அலமாரி நின்ற இடம். அதன் நாலு மூலையையும் காலால் தொட்டு வர வேண்டும். ஆண் முன்னால் வைத்தால் பெண் பின்னால் வைக்க வேண்டும். "ஒண்ணு, ரெண்டு, மூணு. முதல் எண்ணுக்குக் கொஞ்சம் அழுத்தம். அவ்வளவுதான். கூட்டிட்டுப் போறவர் அவசரப்படக் கூடாது, கூடப் போறவங்க பயப்படக் கூடாது."

பாட்டு ஆரம்பித்தது. மாஸ்டர் ஒரு கையை அக்காவின் முதுகில் வைத்தார், மறு கையில் அக்காவின் கையை வாங்கினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கல்யாணப் போட்டோவில்கூட இவர்கள் இடையில் ஒரு முழம் இடைவெளி இருக்கும், நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்று. மாஸ்டரின் இடது கால் முன்னால் போனது. அக்காவின் வலது கால் பின்னால் போனது. பின்பக்கமாக நடப்பது அக்காவுக்குப் பழக்கம்தானே? வெண்ணெயில் கத்தி இறங்கிய மாதிரி போனார்.

இரண்டு. அக்காவின் இடது கால் நகர வேண்டிய முறை. லேசாகத் தள்ளாடியது.

மாஸ்டரின் வலது கால் 'சடக்'கென்று இறங்கியது.

தரையில் இறங்கியிருந்தால் பரவாயில்லை. அக்காவின் இடது கால்விரல்கள்மேல் இறங்கியது.

"ஐயோ மன்னிச்சுக்கோ மன்னிச்சுக்கோ!"

"பரவால்ல. மறுபடி."

மறுபடி. ஒன்று. இரண்டு. 'சடக்.' அதே இடம். மூன்றாம் தடவையும் அதே. அக்கா கொஞ்சம் அசைந்தால் போதும், அந்தக் கால் யாரையும் கேட்காமல் கீழே போனது. மாஸ்டர் முகத்தில் வேர்த்து ஊற்றியது. தன் காலையே திட்டினார். ரொட்டிக்கடைக்காரர் ஜோடி எங்கள் பக்கமிருந்த கட்டத்தைக் காலி செய்து தூரப் போனது. அவர்கள் விரலும் விரல்தானே.

நான்காம் தடவை அக்கா, "ஆ!" என்று கத்தினார்.

பாட்டு நின்றது. மாஸ்டர் வெளுத்துப்போனார். அக்கா குனிந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று ஓடினேன்.

அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதுடி" என்றார் என்னிடம். "இடது கால்ல. வெரல்ல. நல்லா வலிக்குது!"

ஒரு வருஷமாக மரத்துக் கிடந்த விரல். ஊசியால் குத்தினாலும் யாரோ கதவு தட்டுகிற மாதிரி தூரத்தில் கேட்கும் என்பார். அதில் இப்போது சுளீர் என்று வலி. ஒரு மனுஷி தன் கால் நசுங்கியதற்கு அப்படி நன்றியோடு சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மாஸ்டருக்கு இது எதுவும் காதில் விழவில்லை. 'வலிக்குது' என்ற ஒரு வார்த்தைதான் விழுந்தது.

"போதும். வா, வீட்டுக்குப் போலாம்."

"இப்பதானே வந்தோம்?"

"நானே உன் காலை உடைக்கறதுக்கா வந்தோம்? ஷூவைக் கழட்டு. பொண்ணுகிட்ட நான் பேசிக்கறேன்." என்னைப் பார்த்து, "நீ என்னம்மா பாத்துட்டு நிக்கற? அந்தப் பையை எடு" என்றார். கையோ வழக்கம்போல அக்காவின் முழங்கைக்குப் போனது.

அக்கா முழங்கையை இழுத்துக்கொண்டார்.

சின்ன அசைவுதான். ஆனால் அந்த வீட்டுக் கூடத்தில் கம்பி மாட்டிய நாளிலிருந்து இப்படி ஒன்று நடந்ததில்லை. மாஸ்டரின் கை காற்றில் நின்றது.

"நான் வரல" என்றார் அக்கா. "நீங்க போங்க. நான் ஆடிட்டு வர்றேன்."

"யாரோட?"

"யாரும் இல்லைன்னா ரேடியோ இருக்கா."

எடுக்கப்போன பையை நான் பெஞ்சிலேயே வைத்துவிட்டேன்.

"விழுந்தா?" என்றார் மாஸ்டர். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "விழுந்தா யாரு பிடிப்பா? அன்னிக்கு நான் உன்னைப் பாக்க சமையலறைக்கு வரல. தண்ணி குடிக்க வந்தேன். தாகம் எடுத்துச்சு, வந்தேன். தாகம் எடுக்கலைன்னா? கூடத்துல பேப்பர் படிச்சிட்டு உக்காந்திருப்பேன். இன்னிக்கு வரைக்கும் தண்ணி குடிக்கும்போதெல்லாம் அந்த டம்ளரைக் கண்ணுல ஒத்திக்கறேன். உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. எதிர்வீட்டில் இருந்துகொண்டு, ஜன்னலை முழுசாக மூடாமல் இருந்துகொண்டு, எனக்கே தெரியாது.

ஏழெட்டு ஜோடியும் திடீரென்று மேல்கூரையில் ஏதோ எழுதியிருப்பதுபோல அண்ணாந்து பார்த்தார்கள். நான் மட்டும் நேர்மையாக நேரே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா ஒரு நொண்டல், ஒரு நடை என்று அவர் அருகில் போனார்.

"டம்ளரைத் தெரியும். அதைத்தான் யாரையும் கழுவ விடமாட்டீங்களே" என்றார். "இதோ பாருங்க. அன்னிக்கு நீங்க பிடிச்சீங்க. அதனாலதான் இன்னிக்கு நான் நிக்கறேன். புருஷன்தானேன்னு அதுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லாமலே விட்டுட்டேன். இப்ப சொல்றேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன். ரொம்ப நன்றிங்க."

மாஸ்டர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆனா பிடிச்சு நிறுத்தியாச்சு. வண்டி நின்னாச்சு. எவ்வளவு நேரம்தான் பிரேக்லயே காலை வெச்சிட்டு உக்காந்திருப்பீங்க? காலை எடுங்க. நான் நகரணும்."

டீச்சர் தொண்டையைக் கனைத்தார். அவர் கண்ணும் சரியில்லை, ஆனால் முதுகு மறுபடி கம்பியாகிவிட்டது.

"மாஸ்டர், நீங்க எனக்கு ஒரு தந்திரம் சொல்லிக்குடுத்தீங்க. கிளட்ச்சைக் கண்ட மாதிரி விடற காலுக்கு, வேற வேலை குடுத்துடணும்னு. ஞாபகம் இருக்கா? ஷூவைக் கழட்டச் சொல்லி, வெறுங்காலால பெடலைத் தடவிப் பாக்கற வேலை குடுத்தீங்க."

"அதுக்கு?"

"உங்க வலது காலுக்கும் வேற வேலை குடுப்போம். நீங்க ரெண்டு பேரும் இடம் மாறுங்க. அம்மா கூட்டிட்டுப் போகட்டும். நீங்க கூடப் போங்க. கூடப் போறவங்க முதல்ல எடுக்க வேண்டியது வலது காலை. அதுவும் பின்னால. பின்னால போற காலால எப்படி பிரேக் அடிப்பீங்க? அடிச்சுக் காட்டுங்க பாப்போம்."

மாஸ்டர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். தொழில்காரர் அல்லவா? வலது காலை ஒருமுறை பின்னால் வைத்து அழுத்திப் பார்த்தார். அழுத்த அங்கே ஒன்றும் இல்லை.

"ஆம்பள பின்பக்கமா போறதா?" என்றார், கடைசி முயற்சியாக.

"ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்றேன் நான். சும்மா இருக்க முடியவில்லை.

"கண்ணாடி பாத்துதான் எடுப்பேன். இங்க கண்ணாடி எங்க?"

"என் மூஞ்சியைப் பாருங்க" என்றார் அக்கா. "இருட்டுல எத்தனை பேரை உக்கார வெச்சிருக்கேன். பட்டப்பகல்ல உங்களைச் சுவத்துல மோதவிட மாட்டேன்."

பாட்டு திரும்ப ஆரம்பித்தது. இம்முறை அக்காவின் கை மாஸ்டர் முதுகில். மாஸ்டர் தன் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத குழந்தை மாதிரி நின்றார்.

ஒன்று. அக்காவின் இடது கால், அந்தத் தள்ளாடும் கால், முதலில் முன்னால் போக வேண்டும். போனது. கொஞ்சம் இழுத்துக்கொண்டு, தரையைத் தடவிக்கொண்டு போனது. மாஸ்டரின் வலது கால் துடித்ததை நான் பார்த்தேன். அழுத்த இடம் இல்லாமல், வேறு வழி இல்லாமல், பின்னால் போனது.

இரண்டு. மூன்று. கட்டத்தின் அடுத்த மூலை.

அங்கே அக்கா ஒருமுறை சாய்ந்தார். நிஜமாகவே சாய்ந்தார். நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். மாஸ்டரின் கண்கள் பெரிதாயின, ஆனால் கைகள் இரண்டும் ஆட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தன, கால் பின்னால் இருந்தது. பிடிக்க அவரிடம் எதுவும் மீதி இல்லை.

அக்கா தானே நிமிர்ந்துகொண்டார். அடுத்த ஒன்றுக்குக் காலை எடுத்து வைத்தார்.

அலமாரி நின்ற கட்டத்தை ஒருமுறை முழுசாகச் சுற்றி வந்தார்கள். பிறகு இன்னொரு முறை. அழகாக ஆடினார்கள் என்று சொன்னால் பொய். இரண்டு பேர் சேர்ந்து ஒரு பீரோவை மாடியேற்றுகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் பீரோ ஏறிக்கொண்டிருந்தது. ரொட்டிக்கடைக்காரர் கைதட்டினார். மாஸ்டர் அக்காவின் முகத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. போகிற பக்கம் பார்க்காமல் அவர் எங்காவது போனது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

வகுப்பு முடிந்ததும் டீச்சர் வாசல்வரை வந்தார். "மாஸ்டர், நாளைக்கு வா, நாளைக்கு வான்னு நீங்க சொன்ன மாதிரியே நானும் சொல்றேன். அடுத்த வாரம் வாங்க."

"கிளட்ச்சு" என்றார் மாஸ்டர். டீச்சர் தலையில் ஒருமுறை கையை வைத்துவிட்டு இறங்கினார்.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. சாலை முனைக்கு வந்தோம். பழக்கத்தில் மாஸ்டரின் கை அக்காவின் முழங்கைப் பக்கம் நீண்டது. பாதி வழியில் அதற்கே ஞாபகம் வந்தது போலிருக்கிறது. திரும்பி வந்து அவர் சட்டைப் பையில் நுழைந்துகொண்டது.

அக்கா இரண்டு பக்கமும் பார்த்தார். கடந்தார். தனியாக. நாங்கள் இரண்டு பேரும் பின்னாலே. மாஸ்டர் வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது. பள்ளம், கல்லு எல்லாம் உள்ளுக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் அக்கா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

"ஏம்மா, வீடு இந்தப் பக்கம்."

"தெரியும்ங்க. கொஞ்சம் வாங்க."

எனக்கு எங்கே என்று புரிந்துவிட்டது. இப்பவேவா அக்கா? மனுஷனை மூச்சு விடவிடுங்கள்!

தியேட்டர் வாசலில் கூட்டம் இல்லை. மாலைக் காட்சி ஆரம்பித்துவிட்டிருந்தது. டிக்கெட் கிழிக்கும் இடத்தில் மேனேஜர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

"அட, வாங்கம்மா! என்ன முடிவு பண்ணீங்க? எப்பலேருந்து வேலைக்கு வர்றீங்க?"

போட்டு உடைத்தார். ஒரு சுற்றிவளைப்பும் இல்லை. இப்படிப்பட்டவர்களிடம் ரகசியத்தைக் கொடுப்பதற்கு என்னிடமே கொடுக்கலாம்.

மாஸ்டர் அக்காவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த போஸ்டரைப் படித்தேன்.

"வேலையா?" என்றார். "இங்கயா? இந்த இருட்டுலயா?"

"கூப்பிட்டாங்க. நடக்க முடிஞ்சா வர்றேன்னு சொன்னேன். நடக்க முடியுமான்னு பாக்கத்தான் இன்னிக்கு ஆடினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

நான் குனிந்து பார்த்தேன். பதிலை மாஸ்டரின் கால் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வலது பாதம் தியேட்டர் விரிப்பில் குதிகாலை ஊன்றி, விரல்களை மேலே தூக்கி, இறங்கட்டுமா என்று காத்திருந்தது.

அக்காவும் அதைத்தான் பார்த்தார். மேனேஜர் பக்கம் கையை நீட்டினார். மேனேஜர் இழுப்பறையைத் திறந்து ஒரு பழைய டார்ச்சை எடுத்து அந்தக் கையில் வைத்தார். கைப்பிடியில் சுற்றிய துணி நைந்திருந்தது. அது அக்கா சுற்றியது.

"உள்ள சரிவு இருக்கு, படி இருக்கு, இருட்டு இருக்கு" என்றார் அக்கா. "ஒரு சீட்டு வரைக்கும் உங்களைக் கொண்டுபோய் உக்கார வைக்கறேன். நீங்க பிடிக்கக் கூடாது. உக்காந்த அப்புறம் உங்க மனசுல என்ன இருக்கோ சொல்லுங்க. வேணாம்னாலும் சொல்லுங்க. கேக்கறேன்."

"நீ கேக்க மாட்டே."

"கேக்கறேன்னுதான் சொன்னேன். கேட்டு நடப்பேன்னு சொல்லல."

மாஸ்டர் சிரித்திருக்க வேண்டும். இருமலா சிரிப்பா என்று சரியாகத் தெரியவில்லை. கதவைத் திறந்து முதலில் அக்கா போனார், அவர் பின்னால் மாஸ்டர் போனார். மூன்றாவதாக நானும் காலை எடுத்து வைத்தேன்.

மேனேஜர் குறுக்கே கையை நீட்டினார். "டிக்கெட்டுங்க?"

இத்தனை வருஷமாக அந்த வீட்டில் ஒரு கரண்டி விழுந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். இன்று பார்த்து என் மூக்குக்கு நேராகக் கதவு சாத்திக்கொண்டது.

கதவில் ஒரு வட்டக் கண்ணாடி இருந்தது. எக்கிப் பார்த்தேன். உள்ளே கன்னங்கரேல் என்று இருட்டு. அதன் நடுவே ஒரு சின்ன வெளிச்சம் தரையில் கிடந்தது. வெளிச்சத்துக்குள் மாஸ்டரின் இரண்டு ஷூ. அக்கா தெரியவில்லை, ஆனால் வெளிச்சம் தள்ளாடாமல் சரிவில் இறங்கிக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்க்காமல், பின்பக்கமாக.

"என்னங்க, வீட்டுக்காரர் சரின்னு சொல்லிடுவாரா?" என்று மேனேஜர் என் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

திரையில் ஏதோ பகல் காட்சி வந்தது போல. ஒரு நொடி கூடம் முழுக்க வெளுத்தது. அந்த வெளிச்சத்தில் மாஸ்டரின் முதுகு நன்றாகத் தெரிந்தது. கைகள் இரண்டையும் பின்னால் கட்டியிருந்தார். ஒரு கை, இன்னொரு கையை இறுக்கிப் பிடித்திருந்தது.